அவர் வைத்த பெயர்

ராக் பாடகரின் உடலைப் பார்க்க அரங்க வாசலில் வரிசை நீண்டு கிடந்தது. மருந்துக்கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தவள், கையில் வெள்ளைப் பூக்களோடு நின்றாள். முன்னால் நின்ற வெல்டர் தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு விசும்பினான். அவன் கழுத்தில் பாடகரின் முகம் பச்சை குத்தியிருந்தது.

"அழாதீங்கண்ணா, குழந்தை பயப்படுது."

"எப்படிம்மா அழாம இருக்கிறது? இவளுக்குப் பேரு வெச்சதே அவர்தான். கச்சேரி முடிஞ்சதும் மேடைக்குப் பின்னாடி முண்டியடிச்சுப் போய் இவளை நீட்டினேன். தொண்டை கட்டியிருந்தும், மடியில வெச்சுத் தாலாட்டே பாடிட்டார்!"

"தாலாட்டா? அவரா?" அவள் முகம் மலர்ந்தது.

"ஆமா. அப்புறம் சொன்னார், 'பொண்ணு பிறந்தா வைக்கணும்னு ஆசையா ஒரு பேரு யோசிச்சு வெச்சிருந்தேன். எனக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லையே. உன் பொண்ணுக்கு வெச்சுக்கோ'ன்னு. சொல்லும்போதே கண்ணு கலங்கிடுச்சு, பாவம்."

வரிசை நகர்ந்தது, அவள் நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் அவளைத் தாண்டிப் போனார்கள்.

கைப்பேசி அடித்தது. அம்மா.

"உள்ள போயிட்டியா?"

"இல்லம்மா."

"ஏன்டி கூட்டத்துல கஷ்டப்படுற? ரசிகர்கள் மொய்ச்சு உன் நிம்மதியைக் கெடுத்துடுவாங்கன்னுதானே உன்னைப் பத்தி அவர் வெளிய மூச்சு விடல? இனிமே என்ன? வாசல்ல நிக்கிறவங்ககிட்ட, அவர் பொண்ணுன்னு சொல்லு. விடுவாங்க."

"அவருக்குப் பொண்ணே கிடையாதாம், அம்மா" என்று சொல்லிவிட்டு, அவள் வரிசையை விட்டு வெளியே வந்தாள்.