கடற்கரைக் கதவு

கலைஞர்கள் சிலர் கடல் ஒதுக்கிய குப்பையால் ஒரு கதவு செய்து, சுவரே இல்லாமல் மணலில் நட்டுவிட்டுப் போனார்கள். பக்கத்து வளையில் இருந்த கொடுக்கன் என்ற நண்டுக்குத் தலைகால் புரியவில்லை. தனக்கும் கதவு வைத்த வீடு வாய்த்துவிட்டதே!

முதல் வேலையாகத் தன் பக்கம் கிடந்த பிய்ந்த செருப்பைக் கதவைத் திறந்து வெளியே தள்ளியது.

அந்தப் பக்கம் படுத்திருந்த சொறியன் என்ற நாய் துள்ளி எழுந்தது. "யோவ், வீட்டுக்குள்ளே குப்பை போடுறியே, அறிவிருக்கா?"

"வீடு இந்தப் பக்கம்யா. நீ நிக்கிறது தெரு!" என்றது கொடுக்கன்.

"தெருவா? நான் காலையிலேயே குடிவந்தாச்சு!" என்று நாய் செருப்பைத் திருப்பி உதைத்தது.

செருப்பு போனது, வந்தது, மறுபடி போனது. ஒவ்வொரு தடவையும் கொடுக்கன் கதவை மரியாதையாகச் சாத்தியது. கொடுக்கு வலித்தது, ஆனாலும் சொந்த வீட்டை விட்டுக்கொடுக்க முடியுமா?

அப்போது ஒரு பெரிய அலை வந்து கதவையும் செருப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது.

"போகட்டும். கடல் யாரு வீடுமில்லையே," என்று பெருமூச்சு விட்டது கொடுக்கன். நாயும் தலையாட்டியது.

தலையில் செருப்போடு ஒரு மீன் தண்ணீருக்கு மேலே வந்தது.

"யாருய்யா அது, எங்க அடுப்படியில செருப்பை வீசினது?"