தேர்ந்த காது

"கண்ணை மூடிக்கிட்டுத்தான் கேப்பேன். தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, கடையில் இருந்த ஒரே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தாள் நர்ஸ்.

வாத்தியக் கடைக்காரருக்கு உள்ளுக்குள் பூரித்துப்போனது. மற்றவர்களெல்லாம் பளபளப்பைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்கிற ஆள் எப்போதாவதுதான் வாய்க்கும்.

யூனிஃபார்மின் மேல் ஒரு பழைய ஸ்வெட்டர் போட்டிருந்தாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம். "நைட் டியூட்டி முடிஞ்சு நேரா வர்றீங்களா சிஸ்டர்? வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து சாவகாசமா வந்திருக்கலாமே."

"தூங்க முடிஞ்சா இங்க ஏன் சார் வர்றேன்?"

இசைப் பைத்தியம் முற்றினால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார்.

"இப்ப இருக்கறது வயலின். கழுத்து பிடிச்சுக்குது. வில்லு போட்டு வாசிக்கிற வேற எதுக்காவது மாறிடலாம்னு முடிவு பண்ணியாச்சு. எதுன்னுதான் தெரியல" என்றாள், கொட்டாவியை அடக்கியபடி.

"கொஞ்ச நாள் வாசிக்காமத்தான் இருந்து பாருங்களேன்."

"முடியாது சார். வீட்டுல ஒரு சாவு. அதுலேர்ந்து வாசிப்பு ஒண்ணுதான் துணை. அதைப் போய் நிறுத்துன்னு எந்த வாயால சொல்றது?"

கடைக்காரர் அதற்குமேல் துருவவில்லை. "இந்தாம்மா" என்று பின்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அந்தக் கடையில் வாத்தியத்தைச் சரிபார்ப்பது அவர், வாசித்துக் காட்டுவது அவள்.

"அக்கா, நீங்க மாடிக்குப் போய், கதவைச் சாத்திட்டு வாசிங்க" என்றாள் நர்ஸ். "அப்புறம்... நல்லா வாசிக்காதீங்க. இப்பத்தான் கத்துக்கறவங்க மாதிரி தட்டுத் தடுமாறி வாசிங்க."

மனைவி கணவரை முறைத்தாள். "கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து வாசிக்கறேன். தப்பா வாசிங்கன்னு கேட்ட முதல் ஆளு இவங்கதான்."

"உனக்குப் புரியாது. கை சுத்தமா இருந்தா விறகுக்கட்டைகூடப் பாடும். கை தடுமாறும்போதுதான் வாத்தியத்தோட குணம் தெரியும்" என்று அவள் காதில் கிசுகிசுத்தார். "விஷயம் தெரிஞ்சவங்க. போ."

வித்தியாசம் தெரியவேண்டும் என்று முதலில் வயலினையே கேட்டாள் நர்ஸ். மேலே வில் கீச்சிட்டதும் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "தண்ணி வேணுமா சிஸ்டர்?" என்றார் கடைக்காரர். "வேண்டாம் சார். பழகினதுதான்."

அடுத்தது வயோலா. வயலினுக்கு அக்கா மாதிரி, உடம்பும் குரலும் கொஞ்சம் கனம். "பரவாயில்ல. ஆனா மேல போகும்போது அதே மாதிரி நெத்தியில குத்துது."

பிறகு டபுள் பாஸ். ஆள் உயரத்தையும் தாண்டிய அதை மனைவி மேலிருந்து இழுக்க, கடைக்காரர் கீழிருந்து முட்டுக் கொடுத்து மாடியேற்றினார். முதல் இழுப்பிலேயே கண்ணாடி அலமாரி கடகடத்தது.

நர்ஸ் கண்ணைத் திறந்தாள். "இது காது வழியா வரல சார். நாற்காலிக் கால் வழியா வருது. ஆகாது."

என்ன காது, என்ன காது என்று மலைத்துப்போனார் கடைக்காரர்.

மனைவி மூச்சு வாங்கிக்கொண்டு படியில் வந்து நின்றாள். "இன்னிக்கு இது போதும். இன்னொரு நாள் வரச் சொல்லுங்க."

"இல்லக்கா, இன்னிக்கே எடுத்தாகணும்." நர்ஸின் குரல் உடைந்தது. "நேத்து வார்டுல ஒரு குழந்தைக்கு மருந்து குடுக்கப் போனேன். பாட்டில்ல இருந்த பேரைப் படிக்கறேன், மனசுல ஏறவே இல்ல. திரும்பப் படிக்கறேன், அப்பவும் ஏறல. கூட இருந்தவங்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். இப்படியே போனா, கூப்பிடணும்னு தோணாத ஒரு நாள் வந்துடும்."

துக்கம் மனுஷியை எப்படி உருக்குகிறது என்று பரிதாபப்பட்டார் கடைக்காரர். மனைவி செல்லோவைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள்.

முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கிற வாத்தியம் அது. சாத்திய கதவைத் தாண்டி, யாரோ அடுத்த அறையில் தாழ்ந்த குரலில் பேசுவதுபோல் வந்தது. நடுவில் சுருதி தப்பியது, வில் வழுக்கியது, விட்ட இடத்தைத் தேடிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தது. தப்புகூட அதில் உறுத்தவில்லை.

நாற்காலிக் கையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. நர்ஸின் தலை மெல்லச் சாய்ந்தது.

வாசித்து முடித்து இறங்கி வந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, இவங்க தூங்கறாங்க!"

"உஷ்! தூக்கம் இல்ல, லயிப்பு."

"லயிப்புல குறட்டை வருமா?"

கடைக்காரர் வாசல் மணியின் நாக்கில் ஒரு துணியைச் சுற்றிவிட்டு வந்தார். இரண்டு பேரும் சத்தம் காட்டாமல் நடமாடினார்கள்.

ஜன்னல் வெயில் சுவருக்கு ஏறியபோது நர்ஸ் திடுக்கிட்டு விழித்தாள். முகமே வேறாக இருந்தது. "இதான் சார். இதையே குடுங்க."

செல்லோவை உறைக்குள் பக்குவமாக இறக்கினார் கடைக்காரர். "எத்தனையோ பேருக்குக் குடுத்திருக்கேன். இப்படித் தன்னை மறந்து கேட்டு எடுத்தவங்களைப் பார்த்ததில்ல. ஒரு நாள் நீங்க வாசிச்சு நான் கேக்கணும் சிஸ்டர்."

நர்ஸ் ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்தாள்.

"நானா? வாசிக்கிறது மேல் வீட்டுப் பெரியவர் சார், நான் கீழ் வீட்டுல பகல்ல தூங்கறவ."