மூன்றாவது நாசில்

பென்னியின் வலது கை பெஞ்ச் வைஸில் மாட்டியிருந்தது. இரண்டு இரும்புத் தாடைகளுக்கு நடுவே நான்கு விரல்கள். கைப்பிடியை இன்னும் ஒரு சுற்று திருகினால் எலும்பு தாங்காது.

கைப்பிடி தங்கப்பாண்டியிடம் இருந்தது.

திருவொற்றியூரில் லாரிகளுக்குப் பம்பும் நாசிலும் பார்க்கிற நசீரின் பட்டறை அது. வாசலில் தங்கப்பாண்டியின் பழைய டிரெய்லர், துறைமுகத்துக்குப் போகிற வழியில் எஞ்சின் விட்டு விட்டு ஓடி மிஸ்ஸிங் அடித்து, வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு நின்றது. அதை ஓட்டி வந்தவன் பென்னி. பின்னாலேயே முதலாளியும் வந்துவிட்டான். வந்தவன் ஏன், என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீல் ஸ்பேனரால் பென்னியின் வாயிலேயே அடித்தான். அப்புறம்தான் கையைப் பிடித்து இழுத்து வைஸில் வைத்தான்.

"டீசல வித்துட்டு டேங்க்ல கிருஷ்ணாயில் ஊத்திகீறான் பாய் இவன். நீ பாத்து சொல்லு. ஆமான்னா, இவன் இனிமே ஸ்டியரிங்கே புடிக்கக்கூடாது."

சொன்னால் செய்கிற ஆள்தான். எண்ணூரில் ஒரு கிளீனர் இன்றைக்கும் காலை இழுத்து இழுத்து நடக்கிறான்.

நசீர் எஞ்சினை ஓடவிட்டான். எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கிற நாசில்களுக்குப் போகிற குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினான். முதலாவதைத் தளர்த்தியதும் எஞ்சின் தடுமாறியது. அப்படியென்றால் அது நல்லது. இறுக்கினான். இரண்டாவதும் நல்லது.

மூன்றாவதைத் தளர்த்தினான். எஞ்சினில் எந்த மாற்றமும் இல்லை. வேலை செய்யாததை நிறுத்தினால் என்ன தெரியப்போகிறது?

எஞ்சினை அணைத்துவிட்டு அந்த நாசிலைக் கழற்றினான். கழற்றும்போதே மண்ணெண்ணெய் குப்பென்று மூக்கில் ஏறியது. முனை தீய்ந்து தேய்ந்திருந்தது. இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

பென்னி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. வாயிலிருந்து ரத்தம் சொட்டச் சொட்டத் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓடுன ஓட்டத்துல நாசில் தேஞ்சிட்ச்சுணா. டீசல் நல்லாத்தான் கீது."

கூசாமல் சொன்ன பொய். தங்கப்பாண்டி சிரித்தான்.

"எம் மூக்க இன்னா வாடகைக்கா வுட்டுகீறேன்?"

நசீரை விரட்டி, லாரி டேங்கிலிருந்து ஒரு குவளை டீசல் பிடித்துவந்து, நாசிலைச் சோதிக்கிற டெஸ்டரில் ஊற்றச் சொன்னான். நாசிலையும் அதில் மாட்டச் சொன்னான். லீவரை அழுத்தினால் டீசல் நாசில் வழியாக வெளியே வரும். நல்ல நாசில் என்றால் புகை போலத் தெளிக்கும். தேய்ந்தது ஊசி போல ஒரே கோடாகப் பீய்ச்சும்.

குழம்புக்கு உப்புப் பார்க்கிறவன் போல இடது உள்ளங்கையை முனைக்கு நேராக நீட்டினான் தங்கப்பாண்டி. வலது கை லீவரில்.

"ணா, கைய..."

நசீர் முடிப்பதற்குள் லீவர் இறங்கிவிட்டது.

தங்கப்பாண்டி கையை உதறிக்கொண்டான். "ஸ்ஸ்... எறும்பு கட்ச்சா மாரி கீது," என்றான். உள்ளங்கை நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. ரத்தம்கூட வரவில்லை.

நசீர் பதறிப்போய் அவனிடம் ஓடினான். அதற்குள் அவன் உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோயிருந்தான். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"கிருஷ்ணாயிலு."

நசீர் குறுக்கே விழுந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டான். முழங்கை ஒன்று தாடையில் இறங்க, ஆயில் டின்களோடு சேர்ந்து உருண்டான். தங்கப்பாண்டி கைப்பிடியைத் திருகினான். ஒரு சுற்றோடு விடவில்லை, அதற்கு மேல் திரும்பாது என்கிற வரைக்கும் திருகினான். கரும்பு பிழிகிற மெஷினில் கேட்கிற சத்தம் கேட்டது. பென்னியின் அலறல் கேட்டு ரோட்டில் போன ஒரு கன்டெய்னர் லாரிகூட நின்று பார்த்துவிட்டுப் போனது.

தங்கப்பாண்டி கையில் பட்ட ரத்தத்தைப் பென்னியின் சட்டையிலேயே துடைத்துக்கொண்டான். வாசல் வரைக்கும் போனவன் எதையோ நினைத்துத் திரும்பினான்.

"கைய கைய-ன்னு இன்னாமோ சொல்ல வந்தியே பாய். இன்னாது?"

நசீர் எழுந்து நின்றான். வைஸில் ஒரு கை மாட்டியபடி மயங்கித் தொங்கிக்கொண்டிருந்த பென்னியைப் பார்த்தான். உடம்பெல்லாம் எரிந்தது. குரல் மட்டும் நிதானமாக வந்தது.

"ஒண்ணுமில்லணா. டீசல் பட்டுச்சில்ல, சோப்பு போட்டு கழுவிக்கோங்க. அவ்ளோதான்."

தங்கப்பாண்டி தலையை ஆட்டிவிட்டுப் போனான். அவன் பைக் சத்தம் தேய்ந்து மறைகிற வரைக்கும் நசீர் அசையவில்லை.

பிறகு வைஸைத் தளர்த்த வலது கையைக் கொண்டுபோனான். நசீரின் அந்தக் கையில் பெருவிரலும் சுண்டுவிரலும் மட்டும்தான் இருந்தன.

தோலைத் துளைத்து உள்ளே போன டீசல் முதலில் அவ்வளவாக வலிக்காது. மறுநாள் கை கருத்து வீங்கும். அப்போது ஓடி என்ன பயன்? சில வருஷங்களுக்கு முன்னால் நசீரின் கையில் நடுவில் இருந்த மூன்று விரல்களையும் வெட்டி எடுத்த டாக்டருக்கு அன்று அப்படி ஒரு கோபம்.

"பட்ட உடனே வந்திருந்தா கைய காப்பாத்தியிருக்கலாமேப்பா. பக்கத்துல இருந்தவங்க யாருமே சொல்லலியா?" என்று கேட்டார்.