மூன்றெழுத்து வியாதி

"என்.ஏ.டி.ன்னா என்னன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்ட கிடங்கு சூப்பர்வைசர், பதிலுக்குக் காத்திராமல், "உனக்கெங்க தெரியப் போகுது" என்று தானே முடித்துக்கொண்டார். வீட்டுக்குள் நுழைந்து இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "என்னங்க, சனிக்கிழமையும் அதுவுமா ஓ.டி. இல்லாம வந்து நிக்கிறீங்க?"

"ஓ.டி. ஒண்ணுதான் குறைச்சல் எனக்கு" என்று ஒரு காகிதத்தை நீட்டினார். கம்பெனி வருடத்துக்கு ஒருமுறை ஊழியர்களுக்கு எடுக்கும் உடல் பரிசோதனையின் ரிப்போர்ட். இதயம்: என்.ஏ.டி. நுரையீரல்: என்.ஏ.டி. வயிறு: என்.ஏ.டி.

"ஒரு இடம் பாக்கி இல்ல பார்த்தியா. மொத்தமாப் பரவிடுச்சு."

சும்மா சொல்லக்கூடாது, சுருக்கிச் சொல்வதில் சூப்பர்வைசர் கரை கண்டவர். இருபது வருடமாகக் கிடங்கில் ஒரு பொருளின் பெயரையும் முழுசாக எழுதியறியாதவர். பெட்டி மேல் அவர் இரண்டெழுத்து கிறுக்கினால், உள்ளே இருப்பது ஆணியா சோப்பா ஆசிட்டா என்பது திறந்து பார்க்கிறவன் தலையெழுத்து. அப்பேர்ப்பட்டவரையே இந்த மூன்றெழுத்து திணறடித்துவிட்டது.

"டாக்டர்கிட்டக் கேக்க வேண்டியதுதானே?"

"திங்கட்கிழமைதான் வருவாராம். மருந்துக்கடைக்காரன் பார்த்துட்டு 'எதுக்கும் டாக்டரைப் பாருங்க சார்'ங்கறான். எதுக்கும்னா, எதுக்கு? போன்ல தேடினா இந்த மூணெழுத்துக்கு முப்பது அர்த்தம் போட்டிருக்கான். நிலம் அளக்கறதுல ஒண்ணாம், விட்டமின்ல ஒண்ணாம். நாலாவது வர்றதுக்குள்ள எனக்குக் கண்ணு இருட்டிடுச்சு. கடைசியில நம்ம டெஸ்பாட்ச் கிளார்க்தான் தெளிவாச் சொன்னான்."

"என்னன்னு?"

"நாட் அலைவ் டிசம்பர்." சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். "இப்ப அக்டோபர்."

மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அதிர்ச்சியில் உறைந்துவிட்டாள் பாவம் என்று அவர் நினைத்துக்கொண்டார். சாகப்போகிறோம் என்ற பயம் ஒரு பக்கம். இத்தனை நாள் இவளை ஏமாற்றிவிட்டு, அதைச் சொல்லாமலே சாகப்போகிறோமே என்கிற குற்ற உணர்ச்சி இன்னொரு பக்கம். நல்ல ஆரோக்கியத்தில் இருந்தவரை அது எங்கே போயிருந்தது என்று கேட்கக் கூடாது.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். மனசுல வச்சுக்கிட்டே போகக் கூடாது."

"சொல்லுங்க."

"வாரத்துல நாலு நாள் ஓ.டி.ன்னு சொல்லிட்டு லேட்டா வருவேனே..."

"ஆமா. ஓவர் டைம்."

"ஓவர் டைமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. டெஸ்பாட்ச் கிளார்க் வீட்டு மொட்டை மாடியில கேரம்."

"மூணு வருஷமாவா?"

"நாலு."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அந்த வீட்டில் ஓ.டி.க்கு இன்னோர் அர்த்தமும் உண்டு. சாயந்திரம் போனில் சொன்னால் ஓவர் டைம். காலையில் பெட்டியோடு வாசலில் நின்று சொன்னால் ஆன் டியூட்டி. மாமியார் வரும்போதெல்லாம் கம்பெனிக்கு எப்படித்தான் மோப்பம் பிடிக்குமோ, உடனே வெளியூரில் ஓர் அவசர வேலை முளைத்துவிடும்.

"உங்கம்மா வந்தப்பல்லாம் நான் வெளியூர் போகல. இதே ஊர்ல, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி லாட்ஜ்ல படுத்துத் தூங்கினேன்."

"அய்யோ, அங்க கொசு பிடுங்கியிருக்குமே."

அந்தக் கரிசனம் அவரை உருக்கிவிட்டது. "இனிமே அஞ்சரைக்கெல்லாம் வீட்ல இருப்பேன். பாத்திரம் நான்தான் தேய்ப்பேன். உங்கம்மா வந்து எத்தனை மாசம் வேணும்னாலும் இருக்கட்டும். எனக்கென்ன, டிசம்பர் வரைக்கும்தானே."

"அதை அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்று எண்ணை அழுத்தி, போனை அவர் காதில் வைத்தாள்.

"அத்தை, நீங்க வந்து எங்ககூடவே இருக்கணும்."

"மாப்பிள்ளை, உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டாள் மாமியார், கவலையாக. பிறகு சுதாரித்துக்கொண்டு, நாளைக் காலை முதல் பஸ்ஸுக்கே கிளம்பி வந்துவிடுவதாகச் சொன்னாள். மாப்பிள்ளை மனசு மாறுவதற்குள் என்ற அவசரம் அவளுக்கு.

மனைவி போனை வாங்கி அலமாரியில் வைத்தாள். நிதானமாக வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா கேட்டதுக்கு நான் பதில் சொல்றேன். உங்க உடம்புக்கு ஒண்ணுமில்ல. என்.ஏ.டி.ன்னா நத்திங் அப்நார்மல் டிடெக்டட். எந்தக் கோளாறும் இல்லைன்னு அர்த்தம்."

சூப்பர்வைசருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் பாதி வழியில் சந்தேகப்பட்டு நின்றது.

"அது... உனக்கெப்படித் தெரியும்?"

"நீங்க ஓ.டி. போற சாயந்திரமெல்லாம் நான் மட்டும் வீட்ல தனியா உக்காந்து என்ன பண்றது? மூணு வருஷமா உங்க கம்பெனிக்கு டெஸ்ட் எடுக்கற லேப்லதான் ரிப்போர்ட் டைப் அடிச்சுக்கிட்டிருக்கேன்" என்றாள் அவள். "டாக்டர் முழு வார்த்தையிலதான் எழுதிக் கொடுத்தார். உங்களுக்குச் சுருக்கமா இருந்தாத்தானே பிடிக்கும்னு நான்தான் மூணெழுத்தாக்கினேன்."