வெள்ளையம்மாளின் ஏழு கிலோ

"கண்டக்டர் என்னைப் பாத்துட்டு அரை டிக்கெட்டு கிழிச்சிட்டாரு மேடம்! 'பாப்பா, கூட யாரு வந்திருக்காங்க?'ன்னு வேற கேக்குறாரு. அவ்ளோ எளைச்சிட்டேன். முழுசா ஏழு கிலோ!"

கிளியனூர் வெள்ளையம்மாளுக்கு வயது ஐம்பத்திரண்டு. அவள் போட்ட சத்தத்தில் விழுப்புரத்து இலவச எடைக் குறைப்பு மையத்தின் கூரையில் இருந்த புறாக்கள் பாதி, புதுச்சேரிக்கே பறந்திருக்கும். வராந்தாவில் காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர்கூட நம்பவில்லை.

எடை மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற உதவியாளர் மாசிலாமணி வாய்விட்டே சிரித்தார்.

"ஏழு கிலோ எறக்க ஆனைக்கே ஆறு மாசம் ஆவும் தங்கச்சி. ஏறு, ஏறு. மெஷினு பொய் சொல்லாது."

அருணாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அந்த மையத்தின் உணவு ஆலோசகர். பன்னிரண்டு வாரங்களுக்கு முன் திண்டிவனத்தில் நடந்த முகாமில் இருநூறு பேரை எடை பார்த்து, அதில் சேர்த்தவர்கள் பதினோரு பேர். ஐந்து கிலோ குறைத்தவர்களுக்குத்தான் அரசு செலவில் மூட்டு ஆபரேஷன். பத்துப் பேர் இந்த வாரத்தில் வந்து, ஐந்தைத் தொடாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். வெள்ளையம்மாள்தான் கடைசி. ஆபரேஷன் பட்டியல் இன்று பன்னிரண்டு மணிக்குப் போயாக வேண்டும். கடிகாரத்தில் பதினொன்று நாற்பது.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு, செஞ்சிக் கோட்டை ஏறுகிறவளைப் போல வெள்ளையம்மாள் மெஷின் மேல் ஏறினாள். மையத்தில் எப்போதும் போல, ஒளிர்ந்த எண்ணை அருணா குனிந்து தானே படித்தாள்.

தொண்ணூற்றிரண்டு.

முகாம் நோட்டில் இருந்தது தொண்ணூற்றாறு.

"நாலு கிலோதாம்மா குறைஞ்சிருக்கு."

"இருக்காது மேடம்! முகாமுக்கு வந்த அன்னிக்கு பஸ் ஸ்டாண்டாண்ட காசு போட்டு எடை பாத்தேன். தொண்ணூத்தொம்பதுன்னு சீட்டு வந்துச்சு."

"சீட்டுக்குப் பின்னால ஜோசியமும் இருந்திருக்குமே," என்றார் மாசிலாமணி. "வெளிநாட்டு யோகம்னு போட்டிருந்துச்சா?"

"நீ சும்மா இருண்ணே! மூணு மாசமா அரிசிச் சோத்தைக் கண்ணால பாக்கல. கேப்பைக் களி, அதுவும் எலுமிச்சங்கா அளவு உருண்டை. எங்கனா மல்லாட்டை வறுக்கிற வாசனை வந்தா மூக்கைப் பொத்திக்கினு ஓடுறேன்."

"மூக்கைப் பொத்தினே சரி. வாயைப் பொத்தினியா?"

வராந்தாவில் சிரிப்பு கிளம்பியது. வெள்ளையம்மாள் சிரிக்கவில்லை.

"அந்த நோட்டுல எதனா தப்பா எழுதியிருப்பாங்க மேடம்."

மாசிலாமணிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "தே, என்னா பேச்சு பேசுற? எரநூறு பேரை நிக்க வெச்சி நானே எடை பாத்து, நானே எழுதினேன். மேடம் அன்னிக்கு பிரஷர் பாத்துக்கினு இருந்தாங்க. என் எழுத்துல தப்பு இருந்தா இந்த மீசையை எடுத்துடறேன்!"

மணி பதினொன்று ஐம்பது.

வெள்ளையம்மாளின் குரல் முதல்முறையாக இறங்கியது. "மேடம், கீழ குந்தினா எழுந்திரிக்க ரெண்டு ஆளு வேணும். களை வெட்ட என்னைக் கூப்பிடறதையே விட்டுட்டாங்க. இந்தக் காலை வெச்சிக்கினு நான் என்னா பண்ணுவேன்? ஒரு கிலோதானே மேடம்..."

அருணாவின் பேனா நோட்டின் மேல் நின்றது. தொண்ணூற்றிரண்டைத் தொண்ணூற்றொன்றாக்க ஒரே ஒரு கோடு போதும்.

"வேணாம் மேடம்," மாசிலாமணி தாழ்ந்த குரலில் சொன்னார். "இவங்களுக்கு ஒரு கிலோ விட்டுக் குடுத்தா, அழுதுக்கினு போனாங்களே பத்துப் பேரு, அவங்களுக்கு என்னா பதில் சொல்லுவீங்க?"

பேனாவை அருணா கீழே வைத்துவிட்டாள். அவர் சொல்வது நியாயம். அதனால்தான் வலித்தது.

வெள்ளையம்மாள் விடவில்லை. "அப்போ இந்த சேலை, பாவாடையையாவது கழிச்சிப் பாருங்க மேடம். நானா அவ்ளோ எடை? துணியும் சேந்துதானே காட்டுது?"

"ஆஸ்பத்திரி எடையில எதையும் கழிக்கிறது இல்லம்மா. உடுத்தின துணியோட மெஷின் என்ன காட்டுதோ, அதை அப்படியே எழுதணும். முகாமிலயும் அதுதான் வழக்கம்."

சேலைப் பேச்சைக் கேட்டு மாசிலாமணியின் முகத்தில் எட்டிப் பார்த்த சிரிப்பு, யாரோ ஸ்விட்சை அணைத்ததைப் போல நின்றது.

"எதையுமே கழிக்கிறது இல்லீங்களா மேடம்?"

"இல்லையே. ஏன்?"

அவர் முகாம் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, தான் எழுதிய எண்களைப் பார்த்தார். பதினொன்று ஐம்பத்தைந்து.

"ஏன் அண்ணே?" அருணா எழுந்துவிட்டாள்.

"மேடம்... இங்க வர்றதுக்கு முன்னாடி நான் முப்பது வருஷம் கடலை மண்டியில மல்லாட்டை மூட்டை எடை போட்டவன். சாக்குக்கு ஒண்ணு, மண்ணுக்கு ரெண்டுன்னு மூட்டைக்கு மூணு கிலோ கழிச்சி எழுதறதுதான் அங்க பழக்கம். முகாம் அன்னிக்கு இந்த வேலையில எனக்கு மொத நாளு. இங்கயும் அப்படித்தான்னு நெனச்சிக்கினு..." நோட்டை அருணாவின் பக்கம் தள்ளினார். "ஆளுக்கு மூணு கிலோ கழிச்சித்தான் எழுதினேன். எல்லாருக்கும்."

சிவப்பு மையில் அடித்து வைத்திருந்த பத்துப் பெயர்களுக்கும் அருணா மூன்று மூன்றாகக் கூட்டிப் பார்க்கத் தொடங்கினாள்.

மாசிலாமணி வெள்ளையம்மாளின் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் கூப்பினார்.

"நெசந்தான் தங்கச்சி. நீ ஏழு கிலோ எறக்கிட்டே."