டெர்மினலில் ஒரு பெயர்

“இன்னும் நாற்பது நிமிஷம்தான் இருக்கு அண்ணா. பத்து மணிக்குள்ள இந்த லேப்டாப்புல ரெபேக்கான்னு பேரு வரணும்,” என்றாள் அந்தப் பெண்.

லாய்ட் பையை இறக்கிவைத்துவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தான். அவனுக்கு ராபர்ட்சன்பேட்டையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. கோரமண்டலில், பழைய தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய இந்த லைன் வீடுகளுக்கு அவன் வருவது இதுதான் முதல் தடவை.

டெர்மினலின் கறுப்புத் திரையில், கட்டளை அடிக்கவேண்டிய ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்ற பொதுப்பெயரே நின்றது.

“மெஷினோட பேருதானே? இன்னா பேரா இருந்தா இன்னா? வேலை ஓடுதில்ல?” என்று கேட்டான்.

“எங்க கம்பெனியில அப்படி இல்லண்ணா. இருபது பேரும் வீட்டுலேர்ந்து வேலை செய்யறோம். நெட் இழுக்கும்னு யாரையும் கேமரா போட விடமாட்டாங்க. பத்து மணிக்கு டெர்மினலைத் திறந்து மேனேஜருக்குக் காட்டணும். வரியில இருக்கிற பேரைப் பார்த்துத்தான் அட்டெண்டன்ஸ்.”

“டோக்கன் இல்லாதவனைக் கேஜுல ஏத்திச் சுரங்க ஷாஃப்டுக்குள்ள அனுப்புவாங்களா தம்பி? அந்த மாதிரி,” என்றாள் கட்டிலில் படுத்திருந்த அம்மா. அவள் இடது கையில், ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

“கரெக்டும்மா. என்ன, இங்க மேலேர்ந்து பாறை விழாது,” என்று லாய்ட் சிரித்தான். யாரும் சிரிக்கவில்லை.

அவன் விசைகளைத் தட்டத் தொடங்கினான். “முன்னாடி பேரு சரியாத்தானே இருந்திருக்கும்? எப்படிப் போச்சு?”

“பாஸ்வேர்ட் தெரியல. பஜார்ல ஒருத்தர்கிட்ட குடுத்தேன். எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுக் குடுத்துட்டாரு.”

“சொந்த மெஷினோட பாஸ்வேர்டை மறந்த ஆளை இப்பத்தான்மா பார்க்கறேன்!”

அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள். “நானே பேரு மாத்திப் பார்த்தேன் அண்ணா. மாறுச்சு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா திரும்ப லோக்கல்ஹோஸ்ட்.”

“நீ மாத்தினது தற்காலிகம். ஆஃப் பண்ணா மெஷின் அதை மறந்துடும். மறக்காம இருக்கணும்னா உள்ளே ஃபைல்லயே எழுதணும். ரெண்டு இடத்துல எழுதணும். ஒண்ணுல மட்டும் எழுதினா, இது யாருன்னு எனக்குத் தெரியலன்னு அதுவே தகராறு பண்ணும்.”

“இன்னிக்குப் பேரு வரலேன்னா என்னை வேலையிலேர்ந்து எடுத்துடுவாங்க அண்ணா. ஒன்பது நாள் லீவு முடிஞ்சு இன்னிக்குத்தான் சேரணும். அம்மாவுக்கு வாரத்துல ரெண்டு டயாலிசிஸ். கம்பெனி இன்சூரன்ஸ்லதான் நடக்குது. வேலை போச்சுன்னா அதுவும் போச்சு.”

“ஒன்பது நாளா? இன்னா ஆச்சு?”

“தங்கச்சி தவறிட்டா. டெங்கு.”

லாய்டின் விரல்கள் நின்றன. “அய்யோ. சின்னப் பொண்ணா? பேரு?”

“ஷைலா.”

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

லாய்ட் மறுபடியும் விசைகளைத் தட்டினான். இரண்டு ஃபைல்களிலும் பெயரை எழுதிச் சேமித்து, பெயரை மாற்றும் கட்டளையையும் அடித்தான். திரையில் அப்போதும் லோக்கல்ஹோஸ்ட் என்றே இருந்தது.

“வரலையே அண்ணா!”

“பொறு. ஏற்கெனவே திறந்திருக்கிற ஜன்னலுக்குப் பழைய பேருதான் தெரியும்.” அதை மூடிவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறந்தான். “ரெபேக்கா, இங்க பாரு.”

அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரெபேக்கா!”

“ஆங்... அண்ணா.”

வரியின் தொடக்கத்தில் ரெபேக்கா என்று இருந்தது. மெஷினை ஆஃப் செய்து ஆன் செய்தான். அப்போதும் இருந்தது. மணி ஒன்பது ஐம்பது.

“கொஞ்ச நேரம் இருங்கண்ணா. நடுவுல மாறிடுச்சுன்னா எனக்குச் சரிபண்ணத் தெரியாது.”

பத்து மணிக்கு மேனேஜர் பெங்களூரிலிருந்து அழைப்பில் வந்தார். குரல் மட்டும் கேட்டது.

“குட்மார்னிங் ரெபேக்கா. பேரு தெரியுது. ஓகே. என்னம்மா, குரலே மாறிப்போச்சு? ரொம்ப அழுதியா?”

“ஆமா சார்.”

“மனசைத் தேத்திக்கோ. இதை இப்போ சொல்லலாமா, கூடாதான்னு தெரியல. போன மாசம் உன் தங்கச்சியோட அப்ளிகேஷனை நீதானே எனக்கு அனுப்பினே?”

அவள் சட்டென்று அம்மாவைப் பார்த்தாள். அது அவளுக்குத் தெரியாத விஷயம் என்பது முகத்தில் தெரிந்தது.

“அதுல மார்க்கெல்லாம் நல்லா இருந்துச்சு. அவகிட்ட சொல்லாதீங்க சார், சர்ப்ரைஸா இருக்கட்டும்னு சொன்னே. அவளை செலக்ட் பண்ணிட்டோம்மா. உனக்கு இருக்கிற மாதிரியே சம்பளம், இன்சூரன்ஸ் எல்லாம். ஆர்டர் ரெடியா இருந்தப்பதான் தங்கச்சி இறந்துட்டான்னு உன் மெயில் வந்துச்சு. அப்புறம் அந்த இடத்துக்கு வேற ஆளை எடுத்துட்டோம். சாரிம்மா.”

“பரவாயில்ல சார்.”

அழைப்பு முடிந்தது. கட்டிலில் அம்மா எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

லாய்ட் பையைத் தோளில் மாட்டினான். “அக்கா வாங்கிக் குடுத்த வேலை. கொடுத்துவைக்காத பொண்ணு. இன்னும் பத்து நாள் உசுரோட இருந்திருந்தா...”

“வேணாம் பாப்பா, சொல்லாதே,” என்றாள் அம்மா.

மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“செத்துப்போனது ரெபேக்கா அக்கா,” என்றாள். “நான் ஷைலா.”