ஐந்தாவது ஆள்

நடத்துபவரின் நண்பர்களே ஜெயிக்கும் விளையாட்டுகளைப் பார்த்து வெறுத்துப்போய், தணிகைவேல் இணையத்தில் சொந்தமாக ஒன்றைத் தொடங்கினான். படம் கிடையாது, ஆளுக்கொரு சூப்பர் ஹீரோவாக மாறி எழுத்திலேயே ஆட வேண்டும். மொத்தம் எட்டு இடங்கள். ஒவ்வொரு சக்திக்கும் ஈடான பலவீனம் இருக்க வேண்டும், இருந்தால் யாரையும் மறுக்க மாட்டேன் என்று அறிவித்திருந்தான்.

அன்று காலை ஐந்தாவது விண்ணப்பம் வந்தது. சக்தி: பிறர் அடித்துவிட்டு அனுப்பாமல் அழிக்கும் சொற்கள் எனக்குக் கேட்கும். பலவீனம்: அவர்கள் எழுதுவதை நிறுத்தினால் கேட்காது, நேரில்தான் போக வேண்டும்.

தணிகைவேல் ‘பிரமாதம்’ என்று அடித்தான். நடுவர் புகழக் கூடாதென்று அதை அழித்துவிட்டு, ‘பரிசீலிக்கிறேன்’ என்று அனுப்பினான்.

“பிரமாதம்னு சொன்னதுக்கு நன்றி சார்” என்று பதில் வந்தது.

‘இடம் நிரம்பிவிட்டது’ என்று அடித்தான். பொய் உறுத்தியது, அழித்தான்.

“இன்னும் நாலு இடம் இருக்கே சார்.”

விசைப்பலகையிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். திரை அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கூடத்திலிருந்து மனைவி பவானியின் குரல் கேட்டது.

“ஏங்க, வாசல்ல ஒருத்தர் வந்து நிக்கிறாரு. ஏன் எழுதுறத நிறுத்திட்டீங்கன்னு கேக்குறாரு.”

அவன் சட்டென்று கைகளை விசைப்பலகைமேல் வைத்தான். கைக்கு வந்ததை அடித்தான், அழித்தான், மறுபடி அடித்தான்.

“அட, போயிட்டாரு” என்றாள் பவானி. “சாப்பிட வாங்க.”

அவன் விரல்களை எடுக்கவில்லை.